மாத்திரை என் பையில் இருக்கிறது

இந்த வளைவைத் தாண்டினால் இருப்பார். போன வளைவுக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டேன், அதற்கு முந்தினதற்கும் இதேதான். ஆறு வளைந்துகொண்டே போகிறது, பாதையும் அதன் கூடவே வளைகிறது, ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் ஒரு பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார்கள், அந்தப் பெஞ்சில் யாராவது ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் இல்லை. என் வீட்டுக்காரரை நூறு பேருக்கு நடுவில் விட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். ஹெல்மெட்டுக்கு அடியில் காப்பிக்கொட்டைக் கலரில் குரங்குக் குல்லா போட்டிருப்பார், இந்த ஜூன் மாதத்து வெயிலில். காதில் காற்று புகுந்தால் ஆகாதாம். முந்தாநாள் பாஸாவ் ஊரில் எங்களை வழியனுப்பும்போது என் மகள் ஹேமா விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, ஐரோப்பா பூரா தேடினாலும் இப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டாங்க, அப்பாவ நீ தொலைக்கவே முடியாது." தொலைத்துவிட்டேன் ஹேமா. டான்யூப் ஆற்றங்கரையில், பட்டப்பகலில், ஒரே ஒரு பாதை இருக்கிற இடத்தில் உன் அப்பாவைத் தொலைத்துவிட்டேன். மாத்திரை என் பையில் இருக்கிறது. நெஞ்சு வலித்தால் அந்த நிமிஷமே நாக்குக்கு அடியில் வைக்கவேண்டிய மாத்திரை, நகைக்கடையில் கம்மல் வாங்கினபோது கொடுத்த ரோஸ் கலர் ஜிப் பர்ஸில் பத்து மாத்திரை, அந்தப் பர்ஸ் என் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டியிருக்கிற பையில். போன் அவர் சட்டைப்பையில். என்னிடமும் ஒரு போன் இருக்கிறது, போட்டோ எடுக்கலாம், மணி பார்க்கலாம், பேச முடியாது. ஹேமா இரண்டு பேருக்கும் சிம் வாங்கித் தருகிறேன் என்றுதான் சொன்னாள். "எதுக்கும்மா ரெண்டு, ஒண்ணாத்தான இருக்கப் போறோம்" என்று நான்தான் தடுத்தேன். தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் போனாலும் எங்களுக்கு இதுதான் ஏற்பாடு. போன், டிக்கெட், ஆதார் எல்லாம் அவர் சட்டைப்பையில். அவர் மூக்குக்கண்ணாடி, அவர் மாத்திரை, அவர் சீப்பு எல்லாம் என் கைப்பையில். முப்பத்துநாலு வருஷமாக ஒரு மனுஷனை இரண்டாகப் பிரித்து இரண்டு பேரும் சுமந்துகொண்டிருக்கிறோம். இது வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் இது வரைக்கும் இரண்டு பாதியும் ஒரே பஸ்ஸில் போனது.

வாட்சில் இரண்டரை. இங்கே எத்தனை? மூன்றரை மணி நேரம் கழிக்க வேண்டும். பதினொன்று. வாட்சை மாற்றி வைக்க அவர் விடவில்லை, ஊருக்குப் பேசும்போது அங்கே என்ன நேரம் என்று தெரிய வேண்டுமாம். பதினொன்று. அந்தக் கடையில் நாங்கள் நின்றபோது பத்து. ஒரு காபிக் கடை, பின்பக்கம் கழிப்பறை. "நீங்க மெதுவா போய்ட்டே இருங்க, நான் வந்துடறேன்" என்றேன். ஏன் சொன்னேன்? நின்றால் அவருக்குக் கால் மரத்துப் போகும் என்று சொன்னேன். இல்லை, அதுவும் இல்லை, கழிப்பறை வாசலில் ஒரு ஆம்பிளை எனக்காக வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்காது, அதனால் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போனார். முதுகைப் பார்த்தேன். நன்றாகத்தான் மிதித்தார். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். அப்புறம் ஐம்பது நிமிஷம் எங்கே போனது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? சொல்லத்தான் வேண்டும். வெளியே வந்து, சைக்கிளை எடுத்து, வந்த திசையிலேயே திரும்பிப் போனேன். பதினைந்து நிமிஷம் வேகவேகமாக, இவர் இவ்வளவு தூரம் எப்படிப் போனார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே. காலையிலிருந்து ஆறு என் இடது கைப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வலது கைப்பக்கம் ஓடுகிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தவள், இதயத்தை வரைந்து இடது பக்கம் சிவப்பு சாக்பீஸ், வலது பக்கம் நீலம் என்று போர்டில் தீட்டினவள், நம் இடது வேறு படத்தின் இடது வேறு என்று முட்டாள் பெண்களுக்கு மண்டையில் ஏற்றினவள், ஆறு எந்தக் கைப்பக்கம் ஓடுகிறது என்று பார்க்கவில்லை. நாங்கள் ராத்திரி தங்கின விடுதியின் ஜன்னல் பூச்சட்டிகள் தூரத்தில் தெரிந்த பிறகுதான் உறைத்தது. திரும்பி வர இன்னொரு பதினைந்து நிமிஷம். ஆக அரை மணி நேரம், அவருக்கும் மாத்திரைக்கும் நடுவில் நானே போட்ட அரை மணி நேரம். அது என்னால்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

என் சைக்கிளுக்கு பேட்டரி இருக்கிறது, அவருடையதற்கு இல்லை. ஹேமா இரண்டுக்கும் பேட்டரி கேட்டுத்தான் பதிவு பண்ணியிருந்தாள். கடைக்காரனிடம் நின்று இவர் மாற்றிக்கொண்டார். "ஆறு போற பக்கம்தான நாமளும் போறோம்? தண்ணி மேட்டுலயா ஏறும்? அப்ப ரோடும் இறக்கம்தான். இறக்கத்துக்கு எதுக்கு பேட்டரி?" நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர் சொன்னால் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. முதல் நாளே பாதை கரையை விட்டு விலகி ஒரு மேட்டில் ஏறியது. நான் பட்டனை அமுக்கிக்கொண்டு மேலே போய் நின்று பார்க்கிறேன், இவர் கீழே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார், வாய் திறந்திருக்கிறது, மேலே வந்ததும் குனிந்து தார் ரோட்டை விரலால் தேய்த்துப் பார்க்கிறார். "தார் நாலு சென்டிமீட்டருக்கு மேல இருக்காது, ஆனா அடியில ஜல்லி போட்டிருக்கான் பாரு, அதான் வெடிக்கல." மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் ரோட்டைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். "வலிக்குதாங்க?" "ஒண்ணுமில்ல." இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒண்ணுமில்லை என்றால் நிஜமாகவே ஒன்றுமில்லையா, கொஞ்சம் இருக்கிறதா, நிறைய இருக்கிறதா, மூன்றுக்கும் ஒரே பதில்தான் வருகிறது. போன வருஷம் ஆவணியில் இவர் தங்கை பையன் கல்யாணத்தில், முகூர்த்த நேரத்தில் ஆரம்பித்தது வலி. ஒன்பது மணிக்கு. எனக்குத் தெரியாது. பந்தி விசாரிப்பு இவர் பொறுப்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று பந்தி நின்று பார்த்தார், யாருக்கு வடை வரவில்லை, யாருக்கு ரசம் வேண்டும் என்று. நெற்றியில் வியர்வை வழிந்தது, மண்டபத்தில் எல்லாருக்கும்தான் வழிந்தது. நெஞ்சை நீவிக்கொண்டதைப் பார்த்து ஒரு சித்தப்பா கேட்டதற்கு, "கேஸு, காலைல பொங்கல் கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்றிருக்கிறார். உடனே ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருத்தர் சோடா வாங்கி வந்தார், ஒருத்தி பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுத்தாள், என் நாத்தனார் முதுகில் தட்டிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் குடித்துவிட்டு நாலாவது பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி. ஒன்பதிலிருந்து மூன்று, ஆறு மணி நேரம். "காலைலயே வந்திருந்தா இவ்வளவு டேமேஜ் ஆயிருக்காதேம்மா" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அவரைப் பார்த்து இல்லை. நான் பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நடத்தின பாடம் அது. இதயத் தசைக்கு ரத்தம் போகாவிட்டால் என்ன ஆகும், ஐந்து மதிப்பெண் கேள்வி.

அதற்கப்புறம் நான் நிம்மதியாகத் தூங்கினதில்லை. அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே செம்பு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். சத்தம் நின்றால் "என்னங்க" என்பேன். "சோப்பு போடறேன், அதுக்கும் தகவல் சொல்லணுமா?" மாடிப்படியில் எத்தனையாவது படியில் நிற்கிறார் என்று எண்ணுவேன். நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், சமதரையில் மிதித்தால் நல்லதுதான் என்று டாக்டர் சொன்னதை இவர் பிடித்துக்கொண்டார். சமதரை எங்கே இருக்கிறது என்று தேடி ஆஸ்திரியா வரைக்கும் வந்துவிட்டார். ஹேமா மியூனிக்கில் இருப்பது வசதியாகப் போயிற்று. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? ஒரு தடவை சொன்னேன். அப்புறம் படங்களைக் காட்டினார், பச்சை மலைக்கு நடுவில் ஆறு, கரையோரம் பாதை, எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், எனக்கும் ஆசை வந்தது. இப்போதும் எதிரே அந்தப் பச்சைதான். மலை அப்படியே தண்ணீரில் இறங்குகிறது, ஒரு பெரிய சரக்குப் படகு சத்தமே இல்லாமல் போகிறது, வாத்துக் குஞ்சுகள் பாதையைக் கடக்கின்றன, அவற்றுக்காக நான் நிற்கிறேன். நிற்க வேண்டியதாக இருக்கிறது. ஐந்து, ஆறு, ஏழு, சனியனே சீக்கிரம் போய்த் தொலை. வாத்தைத் திட்டுகிறேன். எதிரில் சைக்கிளில் வருகிற இளம் ஜோடி என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ வணக்கம் சொல்கிறது. இவர்களை நிறுத்திக் கேட்கலாமா? குரங்குக் குல்லா போட்ட கறுப்பு மனிதர் யாராவது வழியில் உட்கார்ந்திருந்தாரா, படுத்திருந்தாரா. படுத்திருந்தாரா என்ற வார்த்தை வந்ததும் நிறுத்தத் தூக்கின கையை இறக்கிவிட்டேன். அதற்குள் போய்விட்டார்கள். அப்படி யாராவது கிடந்தால் இப்படிச் சிரித்துக்கொண்டு வருவார்களா? வரமாட்டார்கள். அப்படியானால் ஒன்றும் ஆகவில்லை. இல்லை, அவர்கள் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இப்போதுதான் பாதையில் ஏறியிருக்கலாம். அப்படியானால் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு சாவு நடந்தால் இங்கே என்ன செய்வார்கள்? நினைக்காதே என்றால் மனசு அதைத்தான் முதலில் நினைக்கிறது. ஹேமாவுக்கு எப்படிச் சொல்வது, போன் அவர் பையில் இருக்கிறது, அவர் பையிலிருந்தே எடுத்துத்தான் சொல்ல வேண்டும், எடுக்கும்போது அந்தச் சட்டை சூடாக இருக்குமா. தூதரகம், பெட்டி, விமானம். பெட்டியோடு நான் அதே விமானத்தில் வருவேனா, வேறு விமானமா. பெங்களூருக்கு வந்து அங்கிருந்து ஆம்புலன்ஸில் தருமபுரிக்கு. நாத்தனார் வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு என்ன கேட்பாள் என்று எனக்கு இப்போதே கேட்கிறது. "நோவு வந்த மனுசன இந்த வயசுல சைக்கிள் ஓட்டக் கூட்டிட்டுப் போனியேடி, நீயெல்லாம் படிச்சவளா?" பெருங்காயம் கரைத்துக் கொடுத்தது யாருடி என்று திருப்பிக் கேட்க வேண்டும். கேட்க முடியாது, அன்றைக்கு அப்படிக் கேட்கக் கூடாது. சொந்தக்காரர்களின் குரூப்பில் போடவேண்டிய செய்தியைக்கூட மனசு எழுத ஆரம்பித்துவிட்டது. எனது கணவர் திரு. மாதையன் அவர்கள். ஓய்வு பெற்ற என்பது முன்னால் வர வேண்டுமா, பின்னால் வர வேண்டுமா? பிழை இருந்தால் என்னுடைய பழைய மாணவிகள் பார்ப்பார்கள். சீ. என்ன மனசு இது. அதோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. வீடு தெரிந்தது. படுக்கையறை, அவர் பக்கம் காலி. அவருக்கு மின்விசிறி ஐந்தில் சுற்ற வேண்டும், எனக்கு இரண்டு போதும், முப்பத்துநாலு வருஷமாக நான் போர்வைக்குள் சுருண்டு படுக்கிறேன். அந்த அறையில் மின்விசிறி இரண்டில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, நான் கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தேன், குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை, யாருடைய மூச்சையும் எண்ண வேண்டியதில்லை. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி உடம்புக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை நான் யாரிடம் சொல்வேன்? பட்டனை அமுக்கினேன், நாலாவது வேகம், கடைசி வேகம், சைக்கிள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கண்ணில் தண்ணீர் வந்தது காற்றினால்தான். காற்றினால் மட்டும் இல்லை.

பாதை ஒரு படகுத்துறையில் வந்து நின்றது. நிற்கவில்லை, நேராகவும் போகிறது, ஆனால் இங்கே ஒரு சாய்தளம் தண்ணீருக்குள் இறங்குகிறது, கம்பத்தில் சைக்கிள் படம் போட்ட பலகை, அக்கரையில் ஒரு சின்னப் படகு. காலையில் விடுதிக்காரம்மா வரைபடத்தில் பேனாவால் ஏதோ காட்டினாள். இங்கே கடந்து போங்கள் என்றாளா, இங்கே கடக்காதீர்கள் என்றாளா? இவர் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். இவர் தலையாட்டினால் புரியவில்லை என்று அர்த்தம். அந்த வரைபடமும் அவர் பையில்தான் இருக்கிறது. இந்தக் கரையிலும் பாதை இருக்கிறது, அந்தக் கரையிலும் இருக்கிறது, எந்தக் கரையில் போனார்? நான் நேராகப் போய், அவர் கடந்திருந்தால், நடுவில் ஆறு. நான் கடந்து போய், அவர் நேராகப் போயிருந்தால், அப்போதும் ஆறு. முடிவு எடுக்கிற பழக்கமே எனக்கு விட்டுப்போய்விட்டது. சாய்தளத்தில் நின்று இந்தப் பக்கம் பத்து அடி, அந்தப் பக்கம் பத்து அடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன், பைத்தியம் மாதிரி. கம்பத்தில் ஒரு மணி தொங்கியது. அடித்தேன். ஒரு தடவை அடித்தால் போதும் என்று படம் போட்டிருந்தது, நான் கோயிலில் அடிக்கிற மாதிரி அடித்தேன். படகு கிளம்பியது, அவசரமே இல்லாமல். படகுக்காரர் தாடி வைத்த மனிதர், என் சைக்கிளை வாங்கி மேலே வைத்தார். நான் தலையைத் தொட்டு, காதை மூடிக் காட்டி, முகத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். "மேன். மை ஹஸ்பண்ட். கேப். பிரவுன் கேப்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "யா! யா!" என்று அக்கரையைக் காட்டினார். அப்புறம் இக்கரையைக் காட்டினார். அப்புறம் மறுபடி அக்கரை. இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேரா? இரண்டு மணி நேரமா? அவர் கையை அங்கும் இங்கும் ஆட்டி, "டூ டைம்ஸ்" என்றார், "கோ, கம், கோ. லுக்கிங், லுக்கிங்." கையை நெற்றியில் வைத்து நாலா பக்கமும் பார்க்கிற மாதிரி நடித்தும் காட்டினார். தேடியிருக்கிறார். நான் எதிர்த்திசையில் பூச்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் இந்த ஆற்றை மூன்று தடவை கடந்திருக்கிறார். உயிரோடு இருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த மூச்சில், தேடியிருக்கிறார் என்றால் பதறியிருக்கிறார், பதறினால் என்ன ஆகும், நாடி ஏறும், ரத்தக் குழாய் சுருங்கும், போர்டில் சிவப்பு சாக்பீஸில் நானே வரைந்திருக்கிறேன்.

நடு ஆற்றில் எவ்வளவு நேரம். கரையில் இருந்து பார்த்தபோது அமைதியாகத் தெரிந்த தண்ணீர் கிட்டத்தில் கறுப்பாக, சுழித்துக்கொண்டு, மோட்டார் சத்தத்தை மீறி ஒரு இரைச்சலோடு போகிறது. படகு நேராகப் போகாமல் மேல்பக்கம் சாய்ந்து சாய்ந்து போகிறது, இழுப்புக்கு எதிராக. பர்ஸை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், உடனே இது தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ற பயம் வந்தது, மறுபடி பையில் போட்டேன், ஜிப்பை இழுத்தேன், எடுக்கும்போது ஜிப் மாட்டிக்கொண்டால் என்ற பயம் வந்தது, திறந்து ஒரு மாத்திரையை மட்டும் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன், வியர்வையில் அது கரைந்துவிடுமே என்று கையை விரித்து விரித்துப் பார்த்தேன். படகுக்காரர் என்னைப் பார்த்தார். மோட்டாரைக் கொஞ்சம் முடுக்கினார். அக்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடை, மரத்தடியில் மேசைகள், சிவப்புக் கட்டம் போட்ட விரிப்பு. எந்த மேசையிலும் காப்பிக்கலர் குல்லா இல்லை. ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன், இல்லை, இல்லை, இல்லை. அப்புறம் கீழே பார்த்தேன். துறைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தின் வேரில், தரையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சைக்கிள் புல்லில் சரிந்து கிடந்தது. குல்லா தலையில் இல்லை, கையில் இருந்தது. குளித்துவிட்டு வந்தால்கூட முதலில் காதை மூடுகிற மனுஷன்.

சைக்கிளைப் படகிலேயே விட்டுவிட்டு ஓடினேன். "எங்க போய்ட்ட?" என்றார். குரல் மெலிந்து வந்தது. "கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன், வரல. நீ என்னத் தாண்டி முன்னாடி போய்ட்டன்னு நெனச்சேன். இந்தப் பக்கம் வந்தேன், இல்ல. திரும்பிப் போனேன், அங்கயும் இல்ல. தண்ணி ஓரமா பாதை அவ்ளோ கிட்டக்க போவுது, நீ எங்கியாவது வழுக்கி ஆத்துல…" கண் சிவந்திருந்தது, கன்னத்தில் உப்புப் பூத்த கோடு. அழுதிருக்கிறார், இவ்வளவு வெளிச்சத்தில், அந்நிய மனுஷர்கள் பார்க்க. நான் இவருக்குப் பெட்டி பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் என்னைத் தண்ணீரில் தேடியிருக்கிறார். மின்விசிறியின் நினைப்பு வந்து என்னைச் சுட்டது. "நான் திசை மாறிப் போய்ட்டேங்க, என் தப்புதான், எல்லாம் அப்புறம் சொல்றேன். வலிக்குதா?" என்றேன். பதில் எனக்குத் தெரியும். ஒண்ணுமில்ல என்பார், ரோட்டைப் பற்றி ஏதாவது சொல்வார், நான் நம்பாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், அவருக்குக் கோபம் வரும். ஆனால் அவர் என் கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தார், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். வாயைத் திறங்க என்று நான் சொல்வதற்கு முன்னால், குழந்தை மாதிரி. வீட்டில் இந்த மாத்திரையை ஒரு தடவைகூட அவர் போட்டதில்லை, பெட்டியில் இருக்கட்டும் என்பார். வைத்தேன். என் விரல் அவர் பல்லில் இடித்தது. உதடு சில்லென்று இருந்தது.

ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் வலி போகாவிட்டால் நிற்காமல் ஆஸ்பத்திரி, டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாட்சில் இரண்டு ஐம்பத்திரண்டு. இங்கே எத்தனை என்று கழிக்க வேண்டாம், ஐந்து நிமிஷம் எந்த நாட்டிலும் ஐந்து நிமிஷம்தான். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஓடியது, நடுவில் ஒன்று தாவியது, அல்லது என் விரல் தாவியதோ. இரண்டு ஐம்பத்து மூன்று. கடைக்கார அம்மாள் ஏப்ரனோடு தண்ணீர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள், அவள் முன்னமே அவரைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டார்கள். இரண்டு ஐம்பத்து நாலு. இவருடைய இன்னொரு கை என் கையைத் தேடி வந்து மேலே உட்கார்ந்தது. வெளியிடத்தில் இவர் என் கையைப் பிடித்ததே இல்லை. பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. போயிடு, போயிடு என்று அந்த வலியைக் கெஞ்சினேன், அது யாரோ வாசலில் வந்து நிற்கிற ஆள் மாதிரி. ஐம்பத்தேழு. "போச்சுங்களா?" என்றேன். போச்சு என்று சொல்லிவிடுங்கள், பொய்யாகவாவது சொல்லுங்கள், நான் நம்பிவிடுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கெஞ்சியது. அவர் தலையை இடம் வலமாக ஆட்டினார். "இல்ல. இருக்கு. கையில எறங்குது."

நான் எழுந்து அந்தம்மாவைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்தேன். "ஹார்ட். ஆம்புலன்ஸ். ப்ளீஸ்." அவள் ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்து எண்ணை அமுக்கிவிட்டு, அவர்கள் பாஷையில் வேகமாகப் பேச ஆரம்பித்தாள். படகுக்காரர் என் சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு வந்து இவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை வைத்தார். விநோதமாக என் பதற்றம் அடங்கிவிட்டது. பத்து மாசமாக என் ஒருத்தியின் தலையிலேயே ஓடிக்கொண்டிருந்த பயம், இப்போது அவரும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், அதனால் இருக்கலாம். அந்தம்மா போனைக் காதில் வைத்தபடியே என் பக்கம் திரும்பினாள். "ஹவ் ஓல்ட்?" "சிக்ஸ்டி டூ" என்றேன். பாஸ்போர்ட்டில் அதுதான் இருக்கிறது. இவர் என் கையை இழுத்தார். "அறுபத்தி நாலு" என்றார். "சர்டிபிகேட்டுல இருக்கறத சொல்லாத. நெச வயச சொல்லு." பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் இரண்டு வயசு குறைத்துப் போட்டது. அதனால் இரண்டு வருஷம் கூடுதலாக வேலை பார்த்தார், பென்ஷன் புத்தகம், ஆதார், பாஸ்போர்ட், எல்லாவற்றிலும் அதே பொய், போன ஆவணியில் சேலத்தில் நெஞ்சைத் திறந்து பார்த்த டாக்டரிடம்கூட அறுபத்தொன்று என்றுதான் சொன்னார். நான் வாயைத் திறக்கப் போனபோது முறைத்தார். எனக்கும் மாமியாருக்கும் தவிர யாருக்கும் தெரியாது, ஹேமாவுக்கே தெரியாது. பேர் தெரியாத ஊரில், முகம் தெரியாத டாக்டருக்கு அது சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிழைக்க ஆசைப்படுகிறார். அந்தம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு மறுபடி கேட்டாள்.

"சிக்ஸ்டி ஃபோர்" என்றேன்.